கூடத்துச் சுவரில் பறந்த விமானங்கள்

ஓடிகொலோன் வாசனை எங்கே அடித்தாலும் எனக்குப் போர் விமானம்தான் ஞாபகம் வருகிறது, சிரிக்காதீர்கள். முத்தியால்பேட்டையில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த பெரியப்பா, அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற 'சொல்தா'. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படங்களின் கண்ணாடியை அந்த வாசனைத் தண்ணீரைத் தொட்டுத்தான் துடைப்பார். கட்டிய பெண்டாட்டிக்கு ஒரு சொட்டுத் தரமாட்டார்.

படங்களில் ஒன்றைத் தவிர மற்றதில் எல்லாம் வெள்ளைக்கார விமானிகள். இறக்கையில் ஏறி உட்கார்ந்தும், குண்டின் மேல் காலைத் தூக்கிப் போட்டும், சிகரெட்டும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சைகோன் சண்டையில் பெரியப்பா அவர்களுடைய விமானங்களுக்கு மெக்கானிக். "ஒருத்தனயும் புடிச்சி இட்டாரல, எல்லாம் 'வொலோந்தேர்', தானா வந்தவனுங்க" என்று மார்தட்டுவார். பெரியம்மா, அவர் அங்கிருந்து கட்டிக்கொண்டு வந்த சைகோன்காரி. எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். "அந்த சனியனுங்கள எறக்கு" என்று அவர் கெஞ்சாத வருஷம் கிடையாது. "அது என் மானம்டி" என்பார் பெரியப்பா, பேச்சு அதோடு முடிந்துவிடும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாள். காலையில் கடற்கரை அணிவகுப்பில் மெடல் குத்திக்கொண்டு நடந்துவிட்டு வந்தவர், இரண்டு கிளாஸ் ஒயின் உள்ளே போனதும், சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் விமானம் தாழப் பறந்து சுடுவதை நடித்துக் காட்ட ஆரம்பித்தார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, 'டட்டட்டட்' என்று கத்தியபடி, ஓரமாக உட்கார்ந்து பன்றிக்கறி வெட்டிக்கொண்டிருந்த பெரியம்மாவின் தலைக்கு மேல் பாய்ந்தார். எல்லாரும் சிரித்தோம். பெரியம்மா வெட்டுக்கத்தியோடு எழுந்தார்.

முதல் வெட்டு ஒரு விமானியின் முகத்தில் விழுந்தது. கண்ணாடி சிதறச் சிதற, சட்டங்கள் பிளக்கப் பிளக்க, வரிசையாக வெட்டிக்கொண்டே போனார். பெரியப்பா அவருடைய கொண்டையைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார், நெற்றி கிழிந்தது. மறுபடி அறையக் கை ஓங்கியவருக்கு, பெரியம்மா வீசிய கத்தியில் உள்ளங்கை பிளந்தது. ஐயோ, அந்த ரத்தம்! மெடல், சட்டை, தட்டிலிருந்த கறி, எல்லாம் ஒரே சிவப்பு. அப்பா பாய்ந்து பெரியப்பாவைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தார்.

"எங்கம்மா ஆத்துல துணி தொவச்சிட்டிருந்தாங்க. இப்படித்தான் தாழ வந்து சுட்டான். பாதி ஒடம்புதான் கெடச்சுது" என்று பெரியம்மா அலறினார். "தானா வந்தானுங்களாம்! இவனுங்கள யாருய்யா கூப்ட்டது?"

மாமியார் காய்ச்சலில் செத்ததாக மட்டுமே அறிந்திருந்த பெரியப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அதுக்கெல்லாம் தோட்டா ஏத்துனவனே நான்தான்டி" என்றார்.

"தெரியும். தெரிஞ்சிதான் கட்டிக்கினேன். சோத்துக்கு வழியில்ல."

இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில், அடுத்தடுத்துத் தையல் போட்டார்கள். மறுநாள் பெரியப்பாவே, கட்டுப் போட்ட கையோடு, எல்லாப் படங்களையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். ஒன்றை மட்டும் பெரியம்மா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். வாலிபத்தில் பெரியப்பா விமானத்தில் கை ஊன்றி நிற்கிற படம் அது. கத்தரிக்கோலை எடுத்து விமானத்தை மட்டும் வெட்டி நெருப்பில் போட்டார்.

இருவரும் இப்போது இல்லை. அந்த வீட்டை இடித்துத் தண்ணீர் கேன் கடை வந்துவிட்டது. 'சொல்தா' என்று கூப்பிடவும் எங்கள் தெருவில் ஆளில்லை. படம் என்னிடம் இருக்கிறது. இருபது வயதுப் பெரியப்பா கையை நீட்டி, ஒன்றுமே இல்லாத இடத்தில் ஊன்றிக்கொண்டு சிரிக்கிறார். அந்தக் கையில் விரல்கள் இல்லை. அவற்றையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார் பெரியம்மா.