யாரும் வலை போடாத இடம்

ஒரு வருஷம் தண்ணீரே படாத வலையிலிருந்து தூசியும் எலிப்புழுக்கையும் கலந்த ஒரு வாடை வரும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, தோணிரேவுக்குப் பக்கத்துக் குப்பத்தில் எங்கள் வீடு முழுக்க அந்த வாடைதான். சுருட்டிப்போட்ட வலைக்குப் பக்கத்திலேயே பாயை விரித்து நைனா படுத்துக் கிடந்தார். முந்தின வருஷம், காற்று சரியில்லை என்று சித்தப்பா சொல்லியும் கேட்காமல் அவரை ஏரிக்கு அழைத்துப் போனவர் நைனா. படகு கவிழ்ந்து, நைனா மட்டும் கரையேறினார். அதற்குப் பிறகு அவர் ஏரிக்கும் போகவில்லை, சர்ச்சுக்கும் போகவில்லை. அம்மாதான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து வந்து எங்களுக்குச் சோறு போட்டாள்.

எங்கள் ஊரில் "பாடு" என்றால் முறை. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களை வலைக்காரர்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பார்கள். யார் பெயர் வருகிறதோ, அன்றைக்கு அந்த இடம் அவருடையது. ஆள் நல்லவனா கெட்டவனா என்று சீட்டு பார்ப்பதில்லை. ஆனால் முறைக்காரர் வராவிட்டால் அங்கே அன்று வேறு எவரும் வலை போட மாட்டார்கள். அந்த ஒரு வருஷமும் நைனாவின் பாடு வந்துகொண்டேதான் இருந்தது, இடமும் சும்மாவே கிடந்தது.

அம்மா ஜெபத்துக்குக் கூப்பிடும்போதெல்லாம் நைனா ஒன்றையேதான் சொல்வார்: "எனுக்கு மன்னிப்புலாம் கெடையாது. ஆண்டவரு சீட்டுல எம் பேரே இல்ல." உபதேசியார் ஒருநாள் வீட்டுக்கே வந்து, கிருபை இலவசம், நம் கிரியையால் வருவதில்லை என்று வெகுநேரம் விளக்கினார். நைனா பொறுமையாகக் கேட்டார். எல்லாவற்றையும் அவரே செய்கிறார் என்றால் தன்னை எழுப்புவதையும் அவரே செய்யட்டும் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உபதேசியார் பைபிளை மூடிக்கொண்டு கிளம்பினார். அதற்கு அவரிடம் ஒரு பதில் இருந்திருந்தால் இந்த வயதில் எனக்கும் உதவியிருக்கும்.

அந்த வருஷம் பெரிய வெள்ளியன்று கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிப் பிரசங்கம் நடந்தது. அவருடைய பாடுகளெல்லாம் நமக்காக, நமக்காக என்று உபதேசியார் திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்குத் துன்பம் என்று பொருள் இருப்பது எனக்கு எங்கே தெரியும்? இயேசுவுக்கும் ஏரியில் ஒரு பாடு வந்திருக்கிறது, அவரோடு இருந்தவர்களும் மீன் பிடிக்கிறவர்கள்தானே, அதைப் பெரிய மனசு பண்ணி நமக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் நைனாவின் முறை வந்த காலையில், நிஜமான கவலையோடு அவரை உலுக்கினேன்.

"நைனா, ஏசப்பா அவரு பாட்ட நம்மளுக்கே குட்த்துட்டாராம். நீ போவலனா அதுவும் சும்மா கெடக்குமா?"

நைனா சிரிக்கவில்லை. எழுந்து, வலையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

கரையில் சாமுவேல் மாமா படகு தள்ளும் கோலோடு நின்றிருந்தார். அவர் சித்தியின் அண்ணன். தன் தங்கை விதவையானதற்கு நைனாதான் காரணம் என்று சொல்ல ஊரிலேயே அதிக உரிமை உள்ளவர். அவரைப் பார்த்ததும் நைனாவின் கால் நின்றுவிட்டது.

"யாருக்கு நிக்கற மச்சான்?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

"உனுக்குத்தான். உன் முறை வரப்பலாம் வந்து நின்னுட்டுதான் போறேன். நீதான் வர்ல."

நைனா அங்கேயே உட்கார்ந்து அழுதார். ஆண்பிள்ளை அழுவதை நான் பார்த்தது அன்றுதான், பயமாக இருந்தது. வெயில் ஏறுகிறது என்று மட்டும் சொன்னார் மாமா. இருவருமாகப் படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அன்று விழுந்தது அரைக்கூடை இறால்தான் என்றாலும், அந்த ஞாயிறு நைனா சர்ச்சில் வந்து உட்கார்ந்தார். முழுக்கக் கிருபை என்றார் உபதேசியார். நடந்து போனது என் வீட்டுக்காரர் கால்தானே என்றாள் அம்மா. மாமாவை யாரும் கேட்கவில்லை.

நைனா போய் மூன்று வருஷமாகிறது. ஆண் வாரிசு இல்லாததால் சீட்டிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். மாமாவும் இப்போது இல்லை. நான் அனுப்பம்பட்டில் குடியிருந்துகொண்டு, தினமும் ரயிலேறிச் சென்னைக்குப் போய் ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறேன். நைனா கடைசியாகப் போனில் பேசி வரச் சொன்னபோது, வேலை முடிந்து வருகிறேன் என்று போனை வைத்தவள் நான். போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள். அதிலிருந்து நானும் சர்ச்சுக்குப் போகவில்லை. யார் மேலும் கோபமில்லை, அலுப்புதான். மன்னிப்புக் கேட்கக்கூட அலுப்பாக இருக்கிறது.

நேற்றும் அம்மா போனில், வருகிறாயா என்று கேட்டாள். மூன்று வருஷமாகச் சர்ச்சில் தன் பக்கத்தில் எனக்கு இடம் போட்டு வைக்கிறாள். இனிமேல் அங்கே வேறு யாராவது உட்காரட்டும் என்றேன்.

"அது எப்டி உக்காருவாங்க? எடம் உன்னுது. வர்றதும் வராததும் உன் பாடு," என்று வைத்துவிட்டாள்.

இன்று ஞாயிறு. ஊர்ப்பக்கம் போகும் முதல் ரயிலை விட்டாயிற்று. அடுத்ததற்கு இன்னும் நேரமிருக்கிறது. இதை இத்தோடு நிறுத்திவிட்டுச் செருப்பைத் தேட வேண்டும்.