அரிசி டின்னில் இருந்த தண்டல் அட்டை

அப்போது ராயபுரத்தில் குடியிருந்தோம். எனக்கு ஹார்பரில் மூட்டை தூக்கும் வேலை. தண்டலுக்குக் கடன் வாங்கியிருந்தேன். நூறு நாள், தினமும் கட்ட வேண்டும். சாயங்காலம் தண்டல்காரர் வாசலில் நின்றால் நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். என் மனைவி ரோஸிதான் பணத்தைக் கட்டி, அட்டையில் கையெழுத்து வாங்குவாள். ஒருவழியாகக் கடன் அடைந்தது. இனி தண்டலே வேண்டாம் என்று இருவரும் சத்தியம் செய்துகொண்டோம்.

இரண்டு மாதம் கழித்து, அரிசி டின்னுக்குள் ஒரு புது அட்டை கையில் தட்டுப்பட்டது. பாதிக் கட்டங்கள் நிரம்பியிருந்தன.

"இன்னாடி இது? மறுபடியும் எவன்கிட்ட வாங்கிக்கின?" தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

"கத்தாத. மேல யாரு பேரு எழுதிக்கீதுன்னு பாரு" என்றாள் ரோஸி.

கடன் கொடுத்தவர் என்ற இடத்தில் எங்கள் மகள் ஸ்டெல்லாவின் பெயர் இருந்தது.

"அடுத்த வருசம் அவள ஆறாவது சேக்கணும். அதுக்கு எவன் வாசல்லயும் போயி நிக்கக்கூடாது. அதான் அவளுக்கே தண்டல் கட்டிக்கினு வரேன். தெனம் பத்து ரூபா. கட்டுன பழக்கம் வுட்டுப்போவக்கூடாதுய்யா."

மறுநாள் கூலி வாங்கியதும் நேராக வீட்டுக்கு வந்து, ஸ்டெல்லாவின் கையில் பத்து ரூபாயை வைத்தேன். சிரித்துக்கொண்டே கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள்.

என் வாழ்க்கையில் நான் ஒளிந்துகொள்ளாத ஒரே தண்டல்காரி அவள்தான்.