ஓணான்மேல் போட்ட பழி

ஓணான் ரத்தம் உறிஞ்சும் என்று யாராவது இன்றைக்குச் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூச்சியும் எறும்பும் தின்று பிழைக்கிற பிராணி அது. ஆண் ஓணானுக்குத் தலையும் கழுத்தும் சிவப்பது பெட்டையை மயக்க, இல்லாவிட்டால் இன்னொரு ஆணை மிரட்ட. பயந்தால் நிறம் மங்கிவிடும். நிறம் மாறுவதால் இதையே பச்சோந்தி என்பாரும் உண்டு. நாக்கை எட்டி வீசி இரை பிடிக்கிற, ஒவ்வொரு கண்ணையும் ஒவ்வொரு பக்கம் உருட்டுகிற அசல் பச்சோந்தி வறண்ட காட்டுப் பிராணி. எங்கள் மழைப் பக்கத்தில் இந்த ஓணான்தான்.

கரவனெல்லைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் அக்கா பால் வெட்டினாள். வயிற்றில் ஆறு மாதம். முகம் வெளுத்து, நாலு மரம் வெட்டுவதற்குள் மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவாள். வேலியில் ஓர் ஓணான் கழுத்துச் சிவக்க அவளைப் பார்த்துத் தலையாட்டியதை அவள் மாமியார் பார்த்துவிட்டாள். தீர்ந்தது விஷயம். தூரத்திலிருந்தே தொப்புள் வழியாக ரத்தத்தை இழுக்கிறது என்று எங்கள் வரிசை வீட்டு லயமே பேசியது.

மிட்வைஃப் கொடுத்த இரும்பு மாத்திரை குமட்டுகிறது என்று அக்கா நிறுத்தியிருந்தாள். அதை ஒருத்தரும் கேட்கவில்லை. தொப்புளை மறைத்து இரண்டு சுற்றுத் துணி கட்டினார்கள், அவ்வளவுதான் வைத்தியம்.

"அத அடிச்சுப் போட்டா சரியாயிரும். கிளினிக்கெல்லாம் எதுக்கு?" என்றார் அக்கா புருஷன், என் மச்சான்.

மாதம் ஒன்று போனது. அடித்த ஓணான்களை வாலைப் பிடித்துத் தூக்கிவந்து அக்காவுக்குக் காட்டினோம். உடம்பு தேவலை என்று அவளும் சொன்னாள், பாவி. ஒரு காலையில் ரப்பர் மரத்தடியிலேயே மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தார். உடம்பில் ரத்தமே இல்லை, ஏன் இத்தனை நாள் கூட்டிவரவில்லை என்று சிங்களத்தில் கத்தினார். அவளுக்கு ரத்தம் ஏற்றினார்கள். பிள்ளை செத்தே பிறந்தது.

மறுநாள் கட்டிலோரம் நின்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஓணான் செத்துருச்சுல்ல?"

"செத்துருச்சுக்கா."

நான்தான் அதைக் கல்லால் அடித்தேன். அவள் மாத்திரையைப் பொட்டலத்தோடு கூரை இடுக்கில் செருகி வைத்ததைப் பார்த்தவனும் நான்தான். மாமியார் அக்காவை ஏசுவாள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.