மூன்றாவது தடவை கேட்காதவர்

"வாயை மூடு, கையை நீட்டு."

சொல்லி முடிப்பதற்குள் கியூமர்ஸ் அந்தப் பெண்ணின் ஜாக்கெட் கையைப் பிடித்துவிட்டார். மலையேறுகிறவர்கள் தங்கும் ஷிர்பாலா விடுதிக்கு மேலே, பாதை பனிக்குள் நுழையும் வளைவு அது. அவள் "ஐயோ, பரவாயில்லைங்க, எனக்குக் குளிரவே..." என்று ஆரம்பித்தாள். "இல்லை" என்று முடிப்பதற்கு முன்னால் ஒரு கையில் பச்சைக் கம்பளிக் கையுறை ஏறியிருந்தது. கூட வந்த பையன், கட்டிக்கொள்ளப் போகிறவன் போலிருக்கிறது, "யாரு சார் நீங்க?" என்று முறைத்தான். கியூமர்ஸ் அவன் கையையும் பிடித்தார்.

"திருப்பிக் குடுக்க வேண்டாம். கீழ போனதும் தூக்கிப் போடு. மேல காத்து கடிக்கும். போ, போ."

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதே கூத்துதான். வெள்ளி விடிந்தால் டெஹ்ரானில் பாதிப் பேர் தோச்சால் மலையில் இருப்பார்கள். இருட்டோடு கிளம்பி, மதியத்துக்குள் உச்சியைத் தொட்டு, சாயங்காலம் வீட்டில் சூப்பு குடிக்கிற கூட்டம். எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் "களைச்சிடாதீங்க" என்று சொல்வது வழக்கம். நாமும் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். கியூமர்ஸ் திருப்பிச் சொல்ல மாட்டார். "கையைக் காட்டு" என்பார். அவர் முதுகுப்பையில் ரொட்டி, வெங்காயம், ஃபிளாஸ்க், இவற்றோடு பன்னிரண்டு ஜோடி கையுறைகள் இருக்கும். அந்தப் பச்சையை யாரும் விரும்பி வாங்க மாட்டார்கள். பாசி பிடித்த தொட்டியின் நிறம்.

தஜ்ரிஷ் கடைத்தெருவுக்குப் பின்னால் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அறுபத்தொரு வயது. உள்ளே நுழைந்து சலாம் சொல்வதற்குள் நம் மூக்கிலிருந்து கண்ணாடி போய்விடும். திருகாணியை முடுக்கி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிவிடுவார். என்ன என்று கேட்டால் "கோணையா இருந்துச்சு" என்பார். முகமா, கண்ணாடியா என்று விளக்க மாட்டார். மலைப்பாதையில் முன்னால் போகிறவர்கள் கால் வைப்பதைப் பார்த்தே பவர் சொல்வார். "அந்தத் தடியன் மைனஸ் மூணு, டீச்சரம்மா. கல்லை விட்டுட்டு நிழல்ல கால் வைக்கறான் பாருங்க." நான் முப்பது வருடமாகப் புவியியல் நடத்துகிறவள். என்னையும் ஒருநாள் அப்படித்தான் பிடித்தார். மைனஸ் ஒன்றரை. பரிசோதித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

எங்கள் ஊரில் ஒரு வாசலை இரண்டு பேர் கடப்பதற்குள் உள்ளே தேநீர் ஆறிவிடும். "நீங்க முதல்ல." "ஐயோ, நீங்க போங்க." "என் உயிரே உங்களுக்குத்தான், நீங்க போங்க." இந்த உபசாரத்துக்குத் தாரோஃப் என்று பெயர். என் தங்கை மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பாவும் எங்கள் மாமாவும் மண்டப வாசலில் இப்படி மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். பின்னால் வந்த கியூமர்ஸ் இரண்டு பேரையும் சேர்த்து உள்ளே தள்ளிவிட்டார். பெரியப்பாவின் ஒரு பக்கத்து ஷூ வெளியே தங்கிவிட்டது. "யாரு இந்த ஆளு? மாட்டுக்கொட்டாயில பொறந்தவரா?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். அழைத்தவள் நான். மானம் போயிற்று.

அவர் மனைவி மஹீன் என்னை ஒரு மூலைக்கு இழுத்துப்போனாள். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். முன்னாடியெல்லாம் இவரு இப்படி இல்லவே இல்ல. தாரோஃப்ல இவரை அடிச்சுக்க ஊர்ல ஆள் கிடையாது. லிஃப்ட் வாசல்ல நின்னு நீங்க போங்க, நீங்க போங்கன்னு சொல்லிட்டே இருப்பாரு. லிஃப்ட் ஆளே இல்லாம மேல போயிடும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பாதிச் சிரிப்பிலேயே கண் கலங்கிவிட்டது.

அவருடைய தலைமுடியையும் சொல்லியாக வேண்டும். ஒரு காது தெரியும், இன்னொன்று முடிக்குள் இருக்கும். பின்னந்தலையில் ஆடு மேய்ந்த மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும். மஹீன் சமையலறைக் கத்திரிக்கோலால் வெட்டிவிடுகிற முடி அது. இத்தனைக்கும் அவர் கடைக்குப் பக்கத்துச் சந்திலேயே அர்தலானின் முடிதிருத்தும் கடை இருக்கிறது. கியூமர்ஸ் இருபது வருடம் முடிவெட்டிக்கொண்ட கடை. இப்போது அந்தச் சந்தில் அவர் காலே வைப்பதில்லை. பேருந்து நிறுத்தத்துக்குப் போக வேண்டுமென்றால் கடைத்தெருவை முழுக்கச் சுற்றிப் போகிறார். முழங்கால் வலியோடு, பனி உறைந்த நடைபாதையில், கால் மணி நேரம். காரணம் எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்தேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால், இலையுதிர் காலம் முடிகிற சமயம். நாங்கள் மூன்று பேர்தான் போயிருந்தோம்: கியூமர்ஸ், அர்தலான், நான். அர்தலான் உச்சிக்கு வருவது அதுதான் முதல் தடவை. நாற்பது வயது ஆள் பள்ளிச் சுற்றுலா போகிற பையனைப் போலத் துள்ளிக்கொண்டு வந்தான். உச்சிக்குக் கீழே, முதுகு மாதிரி நீளும் மேட்டில், ஷூ கயிற்றைக் கட்டுவதற்காக இடது கையுறையைக் கழற்றி முழங்காலுக்கு அடியில் வைத்தான். காற்று பிடுங்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் போட்டது. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கியூமர்ஸ் இரண்டு அடுக்கு போட்டிருந்தார். உள்ளே மெல்லியது, மேலே தடித்தது. இடது கையின் மேல் உறையை உருவி நீட்டினார்.

"இந்தா, இதைப் போட்டுக்கோ."

"ஐயோ அண்ணே, என் உயிரையே உங்களுக்குக் குடுப்பேன், உங்க கையில இருக்கறதை வாங்குவேனா? வேண்டாம்."

"அட போட்டுக்கோடா. எனக்குத்தான் உள்ள ஒண்ணு இருக்கே."

"சத்தியமா வேண்டாம்ணே. கை சுடுது, தொட்டுப் பாருங்க!"

தாரோஃபில் முதல் இரண்டு "வேண்டாம்"களுக்குப் பொருளே கிடையாது. அவை மரியாதை. மூன்றாவது தடவையும் கேட்டால்தான் மனதாரக் கொடுக்கிறார் என்று அர்த்தம். அப்போது வாங்கிக்கொள்ளலாம். எங்கள் ஊரில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் இது தெரியும். அர்தலான் கையை முழுக்க மடக்கவில்லை. பாதி நீட்டியபடியே நின்றான். கியூமர்ஸ் அந்த உறையைத் தன் கையிலேயே மறுபடி மாட்டிக்கொண்டு, "அப்ப சரி, வா" என்று நடந்தார்.

உச்சியில் படம் எடுத்துக்கொண்டோம். இறங்கும்போது பனிமழை பிடித்துக்கொண்டது. பாறையைப் பிடித்துப் பிடித்து இறங்க வேண்டியிருந்தது. ஷிர்பாலாவுக்கு வர மூன்று மணி நேரம் ஆயிற்று. அடுப்புப் பக்கத்தில் அர்தலான் கையை நீட்டினான். இரண்டு விரல்கள் மெழுகுவர்த்தி போல வெளுத்திருந்தன. ஒரு மாதம் மருத்துவர்கள் பார்த்தார்கள். பிறகு ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனியை எடுத்துவிட்டார்கள். முடியை இடுக்கிப் பிடித்து நிறுத்துகிற விரல்கள் அவைதான்.

அதற்கு அடுத்த வருடம் கியூமர்ஸ் விடுதி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு தடவை அதைப் பற்றிப் பேசினார். சுவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"நான் மறந்துட்டேன்னு நினைச்சீங்களா டீச்சரம்மா? மறக்கல. மூணாவது தடவை கேட்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா எடுத்துப்பான்னு தெரியும். என் கைக்கு இதமா இருந்துச்சு. ரெண்டு தடவை கேட்டாச்சு, மரியாதை முடிஞ்சுது, அப்பாடான்னு இருந்துச்சு. அப்பாடான்னு!" பிறகு, "இனி அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்றார்.

"விடுங்கண்ணா, நீங்க கேட்கவாவது கேட்டீங்களே" என்றேன் நான். பெரிய ஆறுதல் சொல்லிவிட்ட மாதிரி. அந்த இடத்திலேயே என் நாக்கு அழுகியிருக்க வேண்டும்.

அன்றைக்கு என் பையின் மேல் அறையில் இன்னொரு ஜோடி இருந்தது. என் அக்கா பின்னியது, புதுசு, நல்ல கனம். இரண்டு தடவை அவர் கேட்டதையும் இரண்டு தடவை இவன் மறுத்ததையும் நாலடி பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆம்பளை கைக்கு இது ஏறாது, பெண்பிள்ளை கொடுத்தால் அவனுக்கும் கூச்சமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். கம்பளி எந்தக் கைக்கும் இழுத்தால் இழுபடும். என்னுடையது நனைந்துவிட்டால் மாற்றிக்கொள்ள வேண்டுமே என்றுதான் நினைத்தேன். நனையவில்லை. பையிலிருந்து எடுக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன்.

இரண்டு தடவை கேட்டவர் ஆறு வருடமாகக் கடைத்தெருவைச் சுற்றிப் போகிறார். ஒரு தடவைகூடக் கேட்காத நான் தினமும் காலையில் அர்தலான் கடை வாசல் வழியாக, அவனுக்குச் சலாம் சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறேன்.

போன புதன்கிழமை அர்தலான் வாசலுக்கே வந்து என்னை நிறுத்தினான். உள்ளே நாற்காலியில் ஒருவர் பாதி வெட்டிய தலையோடு காத்திருந்தார். இப்போதெல்லாம் அவன் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் முடியைப் பிடித்து வெட்டுகிறான். நேரமாகிறது. அவசரக்காரர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

"டீச்சர், கியூமர்ஸ் அண்ணனுக்கு யாரு தலை வெட்டறாங்க? நேத்து தூரத்துல பார்த்தேன். அழுகையே வந்துடுச்சு."

"அவங்க வீட்டம்மா."

"எனக்கு அவர் மேல கோவமே கிடையாது டீச்சர். மூணாவது தடவை கேட்டிருந்தா வாங்கியிருப்பேன், அது நிஜம்தான். ஆனா அவரு மட்டும் என்ன பண்ணுவாரு பாவம்? கழட்டிக் குடுத்தா அவருக்குக் குறையும். கூடுதலா யார்கிட்டயும் ஒண்ணும் இல்லையே." இல்லையா என்று அவன் என்னைக் கேட்கவில்லை. அவ்வளவு நிச்சயமாக நம்பியிருந்தான். "நீங்களாவது அவருகிட்ட சொல்லுங்க. என் நாற்காலி காலியாத்தான் இருக்குன்னு சொல்லுங்க."

பள்ளிக்கு நேரமாயிற்று என்று ஓடிவந்துவிட்டேன். முதல் மணி அடிக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

இந்த வெள்ளிக்கிழமை உச்சியில் காற்று இல்லை. ஏறி வருகிறவர்கள் ஒதுங்க அங்கே வைத்திருக்கும் இரும்புக் கூடாரத்தின் தெற்குப் பக்கம் நல்ல வெயில். கீழே ஊர் புகைக்குள் இருந்தது. கியூமர்ஸ் வெங்காயத்தைக் கல்லில் வைத்து ஒரே குத்தில் உடைத்தார். முழங்காலை அதன் தாயோடு சேர்த்துத் திட்டினார். ஃபிளாஸ்க்கைத் திறந்து என் கோப்பையில் தேநீர் ஊற்ற ஆரம்பித்தார். அர்தலான் சொல்லி அனுப்பியதைச் சொன்னேன்.

"காலியா இருக்கட்டும்" என்றார். "எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் போய் உட்காருவேன்?"

"அண்ணா, அன்னிக்கு என் பையில இன்னொரு ஜோடி இருந்துச்சு."

"என்னிக்கு?"

"அர்தலான் கையுறை பறந்த அன்னிக்கு."

ஊற்றுவது நிற்கவில்லை. கோப்பை நிறைகிற வரை ஊற்றினார். மூடியை முழுக்கத் திருகினார். திருகி முடித்த பிறகும் இன்னொரு தடவை திருகினார்.

"கம்பளியா?"

"ஆமா. அக்கா பின்னினது."

"புதுசா?"

"புதுசு. இன்னும் அலமாரியிலதான் இருக்கு."

கூடாரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ படம் எடுக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"மன்னிச்சிடுங்கன்னு கேட்க எனக்கு வாய் இல்லண்ணா" என்றேன். "வெட்கமா இருக்கு. உங்களைத் தனியா சுமக்க விட்டுட்டேன்."

"ஆறு வருஷம், டீச்சரம்மா" என்றார்.

பிறகு கோப்பையை எடுத்தார். வழக்கமாக என் கையைப் பிடித்து அதில் திணிப்பார், சுட்டாலும் விடமாட்டார். இன்றைக்கு அதை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த கல்லின் மேல், சிந்தாமல், மெதுவாக வைத்துவிட்டுத் தன் கையை இழுத்துக்கொண்டார்.