சந்நிதியில் நான் வைக்காத நேர்த்தி

முப்பத்தாறு வருடம் வாத்தியாராக இருந்தேன். பரீட்சைக்கு முந்திய நாலு கிழமைக்குப் பயந்த அளவுக்கு நான் எந்த இன்ஸ்பெக்டருக்கும் பயந்ததில்லை. வருடம் முழுவதும் ஒழுங்காகப் படித்தவன்கூட அப்போதுதான் சோர்ந்து படுப்பான். அப்படியான ஒரு நாலு கிழமையில் நான் செய்த முட்டாள்தனத்தை, இப்போது படிப்பிக்க வந்திருக்கும் இளம் ஆசிரியர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய காலம். மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு பாடசாலையில் நான் தற்காலிக ஆசிரியர். ஜே.எஸ்.சி. அரசாங்கப் பரீட்சை வகுப்புக்குக் கணக்குப் படிப்பிப்பது என் பொறுப்பு. மாணவர் ஒன்பது பேர். கார்த்திகை மழை தொடங்கிய அன்று பாடசாலை மனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, உந்த ஒன்பதிலை ஆறு பேராவது கணக்கிலை பாஸ் பண்ணவேணும். இல்லாட்டித் தையிலை வேறை இடம் பாரும்.”

எனக்கு அப்போதுதான் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. வேலை நிரந்தரமாகப் போகிறது என்று தரகர் சொன்னதை நம்பித்தான் பெண் வீட்டார் சம்மதித்திருந்தார்கள்.

ஒன்பது தேங்காய்

வகுப்புக்குப் போனால் ஒருவனும் வீட்டுக்கணக்குச் செய்யவில்லை. ஒன்பது கொப்பியும் வெள்ளை வெளேரென்று இருந்தன. வகுப்புத் தலைவன் சிவபாதத்தை எழுப்பிக் காரணம் கேட்டேன்.

“நாங்கள் எல்லாரும் தொண்டைமானாற்றுச் சந்நிதிக்குப் போய் நேர்த்தி வைச்சிட்டம் சேர். பாஸ் பண்ணினால் ஆளுக்கொரு தேங்காய் உடைக்கிறம். இனி முருகன் பாத்துக்கொள்ளுவார்.”

இனிமேலும் படித்தால் முருகனை நம்பாதது போலாகிவிடுமாம். மற்ற எட்டுப் பேரும் பக்தியோடு தலையாட்டினார்கள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் அடித்தால் நாளைக்குப் பாதிப்பேர் வரமாட்டார்கள். அந்த அவதியில் வாயில் வந்ததைச் சொன்னேன். நானும் வெள்ளிக்கிழமை சந்நிதிக்குப் போனேன், நானும் ஒரு நேர்த்தி வைத்தேன். ஒரு நாளைக்குப் பத்துக் கணக்குச் செய்யாதவனைப் பாஸாக்கக் கூடாது, முருகன் இதைக் கேட்டால் கோவில் வீதியை உருண்டு பிரதட்டை செய்வேன் என்றேன்.

சிவபாதத்தின் தகப்பன் பட்டணத்தில் ஒரு பிறக்கிராசி வக்கீலிடம் கிளாக்கர். வழக்குப் பேச்சு அவர்கள் வீட்டில் சோற்றோடு பரிமாறப்படும். அவன் எழுந்து, தங்கள் நேர்த்திதான் முந்தியது, முந்தி எழுதிய காணி உறுதிதான் செல்லும் என்று வாதாடினான். ஒரு தேங்காயா, ஒரு முழுப் பிரதட்டையா, எது கனம் என்று யோசித்துப் பார் என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த நாள் ஒன்பது கொப்பியிலும் பத்துக் கணக்கு. நாலாம் நாள் சிலர் பன்னிரண்டு செய்திருந்தார்கள். என்னைப்போல் கெட்டிக்காரன் வலிகாமத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது அம்மாமார்

அந்தப் பெருமை ஒரு கிழமைதான் நின்றது. ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது பேரின் அம்மாமாரும் குடையோடு என் அறை வாசலுக்கு வந்துவிட்டார்கள். சிவபாதத்தின் தாய் சின்னத்தங்கம்தான் முன்னுக்கு நின்றார்.

“பிள்ளையளுக்கு எதிரா நேர்த்தி வைச்ச வாத்தியாரை நான் இண்டைக்குத்தான் காணுறன்.”

ஒருவனுக்குக் காய்ச்சலாம். அதுவும் என் நேர்த்தியால் வந்ததாம். நாளைக்கே சந்நிதிக்கு வந்து நேர்த்தியைத் திருப்பி எடுக்க வேண்டும், இல்லையென்றால் இப்படியே மனேஜர் வீட்டுக்குப் போகிறோம் என்றார்கள். நேர்த்தியே பொய் என்று சொன்னால் பெடியன்கள் கொப்பியை மூடிவிடுவார்கள். சொல்லாவிட்டால் வைக்காத நேர்த்தியை முருகனிடம் போய்த் திருப்பி எடுக்க வேண்டும். வருகிறேன் என்றேன்.

ஞாயிறு விடியவே மூன்று திருக்கல் மாட்டுவண்டிகளில் புறப்பட்டோம். வழியில் யாரும் என்னோடு கதைக்கவில்லை. ஆனாலும் வல்லை வெளியைத் தாண்டும்போது சின்னத்தங்கம் ஒரு புட்டுப் பொட்டலத்தை என் மடியில் வைத்தார். கோபம் வேறு, பசி வேறு என்று நினைத்திருப்பார்.

சந்நிதியில் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமில்லாமல் பூசை செய்வார். அதனால் கோவில் அமைதியாக இருக்கும். அன்றைக்கு அந்த அமைதி எனக்கு எமனாக வந்தது.

“எங்களுக்கும் கேக்கச் சொல்லுங்கோ,” என்றார் சின்னத்தங்கம்.

வழி நெடுக ஒரு பேச்சைப் பாடமாக்கி வந்திருந்தேன். கர்ப்பூரம் எரிந்தபோது வாயில் வந்தது வேறு.

“முருகா, நான் நேர்த்தி ஒண்டும் வைக்கேல்லை. பெடியளைப் படிக்கவைக்கச் சொன்ன பொய்.”

எல்லாரும் திரும்பினார்கள். பூசகர் வாய்த்துணிக்கு மேலால் என்னைப் பார்த்தார். சிரித்தாரா முறைத்தாரா என்று தெரியவில்லை. என் கல்யாணம் அந்த இடத்திலேயே குழம்பிவிட்டது என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது.

வெளியே ஈர மணலில் என்னைத் தனியே விட்டுவிட்டு ஒன்பது அம்மாமாரும் கூடிக் கதைத்தார்கள். மனேஜரின் பெயர் இரண்டு தரம் காதில் விழுந்தது. பிறகு சின்னத்தங்கம் வந்தார்.

“என்ரை பெடியன் விடிய எழும்பிக் கணக்குச் செய்யிறது உந்தப் பொய்யாலைதானோ?”

“ஓம்.”

“சோதினைக்கு எத்தினை நாள் கிடக்கு?”

“பதினாறு.”

திரும்பிப் போனார். இன்னும் கொஞ்சம் கதை நடந்தது. கடைசியில், வண்டியில் ஏறுங்கள், ஊரில் வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு வந்தது.

பின்னேரம் மருதனார்மடச் சந்தியில் ஒன்பது பெடியன்களும் தூறலில் காத்து நின்றார்கள். சின்னத்தங்கம் வண்டியை விட்டு இறங்காமலே சொன்னார்:

“வாத்தியார் அழுதழுது கேட்டவர். முருகன் மாட்டனெண்டிட்டார். இனிப் பத்துக் காணாதாம், பதினைஞ்சு செய்யவேணுமாம்.”

மற்ற எட்டு அம்மாமாரும் நெற்றி நிறைய விபூதியோடு தலையாட்டினார்கள்.

ஏழு பேர் பாஸ். நான் நிரந்தரமானேன். இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பிள்ளைகளைப் படிக்கவைக்க முதலில் அம்மாமாரோடு கதையுங்கள், அவர்களிடம் உண்மையைக் கதையுங்கள். என் பொய்யை என்னால் ஒரு கிழமைகூடக் காப்பாற்ற முடியவில்லை. அவர்கள் பதினாறு நாள் சிரிக்காமல் காப்பாற்றினார்கள்.

வைகாசியில் நடந்த என் கல்யாணத்துக்கு ஒன்பது அம்மாமாரும் வந்தார்கள். பெயிலான ஒருவனின் தாய், அறுகரிசி போட்டு வாழ்த்த வந்தபோது என் காதுக்குள் கேட்டார்:

“இந்த வருஷம் என்ரை பெடியனுக்கு என்ன பொய் வைச்சிருக்கிறியள், வாத்தியார்?”