சத்தமில்லாத பிரேக்

குடிநீர்க் குழாய் போகும் தடத்தில் இரும்புக் கம்பியை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது அவருடைய உத்தியோகம். மண்ணுக்கடியில் எங்கே கசிகிறது என்பதைக் கம்பி சொல்லும். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் காது.

வீட்டிலும் அந்தக் காது ஓயாது. மின்விசிறி முனகினால் எழுந்துவிடுவார். கதவுக் கீல் கிறீச்சிட்டால் சாப்பிட்ட கையோடு எண்ணெய் தேடுவார். சத்தம் என்றால் கோளாறு. கோளாறு தீர்ந்தால் சத்தம் இராது. இதற்கு மேல் அவருக்கு வேதாந்தம் கிடையாது. "நான் மூச்சு விடறதுக்கும் ஒருநாள் எண்ணெய் ஊத்தப் போறாரு" என்பாள் மனைவி.

மகளுக்கு மலைக்கு அந்தப்புறம் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். பஸ் வசதி இல்லை. வீட்டுப் பழைய காரில் தனியாகத்தான் போக வேண்டும். ஏறுகிற தூரமெல்லாம் இறங்கியும் ஆக வேண்டிய பாதை. நினைத்தாலே அவருக்கு உட்கார முடியவில்லை.

சனிக்கிழமை காலை ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைக் கழற்றினார். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடுகள் தகடாகத் தேய்ந்திருந்தன. புதியவற்றைப் பொருத்தி, தெருவில் ஓட்டிப் பார்த்தார். பிரேக் நன்றாகப் பிடித்தது. நிற்கப் போகும்போது மட்டும் ஒரு கீச்சு.

"புதுசு அப்படித்தான் கத்தும், பழகினா அடங்கிடும்" என்றார் உதிரிபாகக் கடைக்காரர். அவருக்குச் சமாதானமாகவில்லை. மத்தியானம் மறுபடி கழற்றி, விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். கீச்சு போகவில்லை. ஞாயிறு விடிந்ததும் சக்கரங்களை மறுபடி கழற்றித் தரையில் கிடத்திவிட்டார். சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸ் டப்பாவில் விரலை விட்டு வழித்து, பேடுகளின் முதுகில் அப்பிக்கொண்டிருந்தார்.

மகள் பல் துலக்கியபடியே எட்டிப் பார்த்தாள். "லேசா தடவினா போதும்ப்பா. அதுவும் பிரேக்குக்குன்னு தனி கிரீஸ் இருக்கு."

"முதுகுலதானே தடவறேன், டிஸ்க்க உரசுற முகத்துலயா தடவறேன்?"

பிறகு அவளை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். கீச்சு இல்லை. அவர் முகம் மலர்ந்தது. தண்ணீர்த் தொட்டி இறக்கத்தில் இறங்கி நிறுத்தச் சொன்னார். இல்லை. இன்னொரு தரம். இல்லை. இல்லாத சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க அவருக்கு ஆசை. பிரேக் சூடேறிக்கொண்டிருந்தது, சூட்டில் கிரீஸ் இளகி டிஸ்க்கில் வழிந்துகொண்டிருந்தது.

அடுத்த தரம் மகள் பிரேக்கை மிதித்தாள். வண்டி போய்க்கொண்டே இருந்தது.

"அப்பா, பிடிக்கல!"

"சத்தமே இல்லையே" என்றார் அவர்.

அவள் கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்தாள். கார் பக்கவாட்டில் இழுபட்டு, கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் மூக்கைச் செருகி நின்றது. இறங்கிப் பார்த்தார்கள். டிஸ்க் எண்ணெயில் பொரித்ததுபோல் மினுங்கியது. தீய்ந்த வாடை.

முதல் கியரில் ஊர்ந்து வீடு சேர்ந்தார்கள்.

"குளிக்கப் போய்ச் சேத்தப் பூசிக்கிட்ட கதைதான்" என்றாள் மனைவி.

"ஒரு வாரம் கழிச்சுச் சேர்றேன்னு அவள சொல்லச் சொல்லு" என்றார் அவர்.

"ஏன், ஒரு வாரத்துல மலை கரைஞ்சிடுமா?"

மகள் எதிலும் கலந்துகொள்ளவில்லை. கிரீஸ் குடித்த பேட் இனி உதவாது. கடை அடைக்குமுன் ஓடிப்போய்ப் புதிய பேடும், டிஸ்க் கழுவும் ஸ்பிரேயும் வாங்கி வந்தாள். அவளே உட்கார்ந்து துடைத்தாள், மாட்டினாள். அவர் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார்.

"அந்த போல்ட்டு..."

"இறுக்கிட்டேன்."

"ஒரு தடவை பாக்கட்டுமா?"

"வாளிய விட்டு எந்திரிச்சீங்கன்னா வாளியையும் எடுத்துடுவேன்."

பெடலைப் பலமுறை மிதித்து, இறுகியதும் கிளப்பினாள். அவர் கதவைத் திறக்கப் போனார்.

"நாளைக்கும் நான் மட்டும்தானேப்பா" என்றாள். கார் போய்விட்டது.

செருப்பு மாட்டாமலே பின்னால் நடந்தார். இறக்கத்தின் உச்சியில் நின்றபோது, கீழே கார் மெல்ல ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. பேடைப் பழக்குகிறாள். ஒரு லாரி இரைந்துகொண்டு ஏறியதில் ஒன்றும் கேட்கவில்லை. பின்விளக்கு சிவப்பதும், கார் நிற்பதும் மட்டும் தெரிந்தன. நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் நிற்கிறது.

திரும்பி வந்தவள் அவரைக் கண்டு நிறுத்தினாள். கீச்சென்றது. அவர் தாடை இறுகியது. பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். அந்தக் காரில் அவர் பின்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை.

"ஏன் பின்னாடி?"

"காலையில எத்தன மணிக்குக் கிளம்புற?"

"ஆறு."

"ரேடியோவப் போடு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "நெஜமாவா?" குமிழைத் திருகினாள். ஏதோ நிலையம் பாதியும் இரைச்சல் பாதியுமாக வந்தது. அணைக்கப் போனாள்.

"இருக்கட்டும்" என்றார். "இறக்கத்துல போ. நிக்குதான்னு மட்டும் பாக்குறேன்."