அம்மா சொன்ன ஊர்

இப்போது நான் வாழும் குனோங் ராபாட்டில் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தால், விரலில் தடவிய மையின் வாடை என்னைத் தைப்பிங் அரசாங்க அலுவலகத்துப் பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறது.

எழுபதுகளில் எனக்குப் பத்து வயது. வெளியே விடாத மழை, உள்ளே கிறீச்சிடும் காற்றாடி. இங்கேயே ரப்பர் தோட்டத்து லய வீட்டில் பிறந்தும், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையே வைத்திருந்த அம்மா, குடியுரிமை கேட்டு வந்து, பால் மரம் வெட்டும்போதெல்லாம் மனப்பாடம் செய்த மலாய் பதில்களை உதட்டுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி கூப்பிட்டதும் என்னையும் அழைத்துக்கொண்டு போய், தேசிய கீதத்தைப் பிசகாமல் பாடினாள். அவள் பெருவிரலை மையில் ஒற்றியபடியே அதிகாரி, "கம்போங் மானா?" என்று ஊரைக் கேட்டார். பள்ளியில் மலாய் படித்த நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த கேள்விகளில் அது இல்லை.

தோட்டத்தில் ஊர் என்றால் தாத்தா கப்பலேறி வந்த ஊர்தான். கடலையே பார்த்திராத அம்மா சட்டென்று, "துறையூர், இந்தியா" என்றாள்.

எழுத எடுத்த பேனாவை அதிகாரி கீழே வைத்தார். அவள் விண்ணப்பக் கோப்பை மூடிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அம்மா பெருவிரலைச் சேலையில் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"எந்த ஊருன்னுதானே கேட்டாரு, பாப்பா. பொறந்த லயத்தச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லயே."